திரோவுலான்: வில்வத்தின் பெயர் கொண்ட தலைநகர் - சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கான கேள்வி பதில்

போன ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மா, பிள்ளைகள் எல்லோருமாகக் கிழக்கு ஜாவாவுக்குப் போய், பழைய மஜாபாகித் பேரரசின் தலைநகர் இருந்த திரோவுலானில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தோம். அதிலிருந்து கோவிலில் பார்க்கிறவர்கள், அலுவலக நண்பர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் சித்தி, பெரியம்மா என்று பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

திரோவுலான் எங்கே இருக்கிறது?

இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவில். சுராபாயா நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மொஜோகெர்த்தோ மாவட்டத்தில் இன்று அது ஒரு சாதாரணச் சிற்றூர். நெடுஞ்சாலை, நெல் வயல், கரும்பு, செங்கல் சூளை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம். அந்த வீடுகளுக்கும் வயல்களுக்கும் நடுவே, ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் பரப்பில், 14ஆம் நூற்றாண்டின் ஒரு பெருநகரம் சிதறிக் கிடக்கிறது.

1293இல் ராடன் விஜயா என்ற இளவரசர் இந்த அரசை நிறுவினார். குப்லாய் கானின் மங்கோலியப் படை ஜாவாவைத் தாக்க வந்தபோது, முதலில் அதைத் துணைக்கு வைத்துத் தன் எதிரியை வீழ்த்தினார். பிறகு அந்தப் படையையே கடலுக்கு விரட்டினார். 1350 முதல் 1389 வரை ஆண்ட ஹயாம் வுரூக்கும் அவருடைய முதலமைச்சர் கஜா மடாவும் இருந்த காலம்தான் உச்சம். சிவனையும் திருமாலையும் புத்தரையும் ஒரே அரசவை வணங்கிய நாடு அது.

மஜாபாகித் என்றால் என்ன பொருள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'மஜா' என்பது வில்வம். 'பாகித்' என்றால் கசப்பு. மலாய் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ராடன் விஜயாவின் ஆட்கள் தாரிக் என்ற காட்டை வெட்டி ஊர் அமைத்தபோது, பசிக்கு அங்கே இருந்த மஜாப் பழத்தைத் தின்றார்களாம். அது கசந்ததாம். அதுவே ஊர்ப் பெயராகி, பிறகு பேரரசின் பெயரும் ஆனது.

அரசவைப் புலவர்கள் இதே பெயரைச் சமஸ்கிருதத்தில் 'வில்வதிக்தா' என்று எழுதினார்கள். வில்வம், திக்தம். நம் வீட்டில் பிரதோஷத்துக்கு வாங்கி வரும் அதே வில்வம்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் வழிப்பலகைகளைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. மொஜோகெர்த்தோ, மொஜோஆகுங், மொஜோசாரி என்று வரிசையாக வருகின்றன. 'மஜா'வைத்தான் ஜாவாக்காரர்கள் 'மொஜோ' என்று உச்சரிக்கிறார்கள். எல்லாம் வில்வ ஊர்கள்.

ஒரு சண்டியின், அதாவது பழைய கோவிலின், வாசலில் மரம் ஒன்றைக் காட்டி, இதுதான் மஜா என்றார் ஒரு பெரியவர். அம்மா கிட்டே போய்ப் பார்த்தார். காம்புக்கு மூன்று இலை, கிளையில் முள். கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துத் துடைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்று கவனியுங்கள். அடிமரத்திலும் கிளையிலும் பெரிய பச்சைப் பந்து போல் காய் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறொரு மரத்தையும் சிலர் மஜா என்று காட்டுவார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், ஹயாம் வுரூக் பார்த்திருக்க வழியில்லை. மூவிலையைப் பாருங்கள்.

சிங்கப்பூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிரபஞ்சா என்ற புலவர் 1365இல் ஹயாம் வுரூக்கின் நாட்டைப் பற்றிப் பழைய ஜாவா மொழியில் ஒரு நீண்ட பாடல் இயற்றினார். நகரகிருதாகமா என்று அதைச் சொல்வார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் 'தேசவர்ணனா', அதாவது தேச வர்ணனை. தமிழருக்கு உரை தேவையில்லாத பெயர். அதில் மஜாபாகித்துக்குக் கட்டுப்பட்டவை என்று பட்டியலிட்ட இடங்களில் 'துமாசிக்' வருகிறது. சிங்கப்பூரின் பழைய பெயரான நம் தெமாசெக்தான். அதே பட்டியலில் பகாங், கெலாங், 'கெடா' எல்லாம் உண்டு. கெடாவை நம் கல்வெட்டுகள் கடாரம் என்கின்றன.

1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. 14ஆம் நூற்றாண்டின் கிழக்கு ஜாவா வேலைப்பாடு. அந்தத் தங்கம் இப்போது நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

இன்னொரு தொடர்பு ராஃபிள்ஸ். சிங்கப்பூருக்கு வருமுன் அவர் 1811 முதல் 1816 வரை ஜாவாவின் துணை ஆளுநர். 1815இல் மஜாபாகித் இடிபாடுகளை அளந்து வரைய வார்டெனார் என்ற அதிகாரியை அனுப்பினார். அப்போது அந்த இடம் முழுக்கத் தேக்குக் காடு. பிறகு 1817இல் ஜாவா வரலாற்றைப் பற்றி எழுதிய நூலில் அந்த இடிபாடுகளையும் சேர்த்தார். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கைகட்டி நிற்கும் வெள்ளைச் சிலையைப் பார்க்கும்போது இப்போது எனக்குத் திரோவுலான் செங்கல்தான் நினைவுக்கு வருகிறது.

சோழர்கள் கட்டியதா?

இல்லை. இதை நான் பல முறை சொல்ல வேண்டியிருந்தது, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025இல். மஜாபாகித் தொடங்கியது 1293இல். இடையில் 268 ஆண்டுகள். சோழப் பேரரசே 1279உடன் முடிந்துவிட்டது. திரோவுலானைக் கட்டியவர்கள் ஜாவா மக்கள். மண்ணும் அவர்களுடையது, சூளையும் அவர்களுடையது, வடிவமும் அவர்களுடையது. நம் பெருமைக்காக அவர்கள் உழைப்பை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் தமிழ்நாட்டோடு போக்குவரத்து இருந்ததா என்று கேட்டால், இருந்தது. தேசவர்ணனாவிலேயே ஓர் இடம் வருகிறது. ஹயாம் வுரூக்கைப் புகழ்ந்து பாடியவர்கள் இவர்கள் என்று இரண்டு வெளிநாட்டு அறிஞர்களைப் பிரபஞ்சா குறிப்பிடுகிறார். ஒருவர் காஞ்சிபுரத்திலிருந்த பௌத்தத் துறவி புத்தாதித்யர். மற்றவர் ஒரு அந்தணர், பெயர் 'முதலி சஹ்ருதயர்'. முதலி! முதல் முறை படித்தபோது பக்கத்தைத் திருப்ப மனம் வராமல் அங்கேயே நின்றுவிட்டேன். 650 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜாவாப் பாட்டில், நம் ஊர்த் திருமண அழைப்பிதழில் இருப்பது போன்ற ஒரு பெயர். அந்த மனிதர் எந்த மாதக் காற்றில் கப்பல் ஏறினார், அரசவையில் என்ன மொழியில் பேசினார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பாட்டு நமக்குக் கிடைத்ததே ஓர் அதிசயம். 1894இல் டச்சுப் படை லொம்போக் தீவின் அரண்மனையைத் தாக்கியபோது, அங்கிருந்த ஓலைச்சுவடிகளோடு மீட்கப்பட்டது அது.

வெறும் செங்கல் குவியல் என்கிறார்களே, பார்க்க என்ன இருக்கிறது?

அங்கோர் வாட் போல ஓங்கி நிற்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மஜாபாகித் கட்டடக்காரர்கள் பெரும்பாலும் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். மரம் போய்விட்டது. செங்கல்லில் பெரும் பகுதியைப் பிற்காலத்தவர் பெயர்த்து எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள். மிச்சம் நிற்பவை சில வாயில்கள், சில கோவில்கள், ஒரு தீர்த்தக் குளம், ஒரு பெரிய ஏரி போன்ற குளம், நிறைய அடித்தளங்கள்.

ஆனால் அந்தச் செங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். நம் காலத்துச் செங்கல்லைவிடப் பெரியது, கனமானது. இரண்டு கல்லுக்கு நடுவே சாந்துப் பட்டை கண்ணுக்குத் தெரியாது. ஒன்றோடொன்று தேய்த்து, ஈரத்தோடு ஒட்டியது போல, நகம் நுழையாத நெருக்கம். பழைய கல் ஓரம் மழுங்கி, பாசி பிடித்து, பழுத்த மாதுளைத் தோல் நிறத்தில் இருக்கும். சீரமைப்பில் வைத்த புதுக்கல் ஓரம் கூர்மையாக, ஒரே நிறமாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், சுவர் முழுவதையும் வாசிக்கலாம்.

விரிங்கின் லாவாங்கிலிருந்து தொடங்குங்கள். ஒரு கோபுரத்தை உச்சியிலிருந்து அடிவரை நடுவில் அறுத்து இரண்டாக நகர்த்தி வைத்தது போன்ற வாயில். உயரம் 15 மீட்டருக்கு மேல். பாலிக்குப் போனவர்கள் இந்தப் பிளந்த வாயிலை வீட்டுக்கு வீடு பார்த்திருப்பீர்கள். அதன் மூத்த உறவு இது. இரண்டு பாதிகளில் ஒன்று பெருமளவு இடிந்து கிடந்து, 1990களில் திரும்பக் கட்டப்பட்டது. எந்தப் பாதி என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பஜாங் ராத்து. 16.5 மீட்டர் உயரம், கூரையோடு கூடிய வாயில். சிறு வயதிலேயே பட்டமேறி 1328இல் இறந்த ஜெயநகரா என்ற அரசரின் நினைவோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பெயருக்கு ஏறக்குறைய 'குட்டி ராஜா' என்று அர்த்தம். இந்த வாயில்களை அங்கே 'கபுரா' என்கிறார்கள். நம் கோபுரம்தான். அதே போல மண்டபம் அங்கே 'பெண்டோப்போ' ஆகியிருக்கிறது. கோவில் சிலையை 'அர்ச்சா' என்கிறார்கள். பழைய கோவில்களை 'சண்டி' என்கிறார்கள். துர்க்கைக்கு உள்ள சண்டிகை என்ற பெயரோடு அதைச் சேர்த்து விளக்குவது வழக்கம்.

பிராஹு என்ற சண்டி ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். வளைந்த உடம்போடு தனியாக நிற்கிறது. அரசர்களை எரித்த இடம் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் சாம்பலோ எலும்போ கிடைத்ததில்லை. பௌத்தக் கோவில் என்பதே ஆய்வாளர் கருத்து.

சண்டி திக்குஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, எலிக் கோவிலா?

'திக்குஸ்' என்றால் எலி என்பது உண்மை. ஆனால் எலியைக் கும்பிடவில்லை. 1914இல் வயலில் எலித் தொல்லை பெருகி, ஊர்க்காரர்கள் வளையைத் தேடித் தோண்டிக்கொண்டே போனபோது செங்கல் தட்டுப்பட்டது. மண்ணை அள்ள அள்ள, தரைமட்டத்துக்கு மூன்றரை மீட்டர் கீழே ஒரு தீர்த்தக் குளம் வெளிப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் 22 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

குளத்தின் நடுவே, பின்சுவரை ஒட்டி, சிறுசிறு கோபுரங்கள் சூழ்ந்த ஒரு மேடை அடுக்கடுக்காக எழும்புகிறது. அது மேரு மலை. தேவர்கள் ஜம்புத்வீபத்திலிருந்து மகாமேருவைத் தூக்கி ஜாவாவுக்குக் கொண்டு வந்தார்கள் என்று ஜாவாவில் ஒரு பழங்கதை உண்டு. அந்த மலையைக் குளத்துக்குள் செய்து வைத்து, அதைச் சுற்றித் தாமரை மொட்டு, மகர வடிவங்களில் நீர்த்தாரைகள் வைத்திருக்கிறார்கள். மலையிலிருந்து தீர்த்தம் வழிவதாகப் பாவனை. மழைக்குப் பிறகு போனால் குளத்தில் நீர் நிற்கும், மேரு அதில் தலைகீழாகத் தெரியும். நாங்கள் போனபோது காய்ந்திருந்தது. ஆனாலும் மேலே விளிம்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணக்கில் திரோவுலானிலேயே அழகான இடம் இதுதான்.

அரண்மனை எங்கே?

பிரபஞ்சா தன் வர்ணனையைத் தடித்த, உயர்ந்த, சிவந்த செங்கல் மதிலில்தான் தொடங்குகிறார். மேற்கு வாயிலுக்குப் 'புர வக்த்ரா', ஊரின் முகம், என்று பெயர். அந்த மதில் இன்று இல்லை. கெடாத்தோன், செந்தோனோரெஜோ பக்கம் அடித்தளங்கள், கிணறு, தூண் நட்ட கல் எல்லாம் இருக்கின்றன.

செந்தோனோரெஜோவில் கூரைக்கு அடியில் ஒரு தரை இருக்கிறது. அறுகோணச் சுட்ட ஓடுகள், தேன்கூடு போலப் பொருத்தியவை. யார் வீட்டுத் தரையோ. பார்க்கச் சின்ன இடம்தான், ஐந்து நிமிடம் போதும். ஆனால் அரசரின் வெற்றிகளை எல்லாம் படித்துவிட்டு வந்து, யாரோ வெறுங்காலில் நடந்த ஓட்டுத் தரையைப் பார்க்கும்போது அந்த ஊரில் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்பது நெஞ்சில் படுகிறது.

திரோவுலான் அருங்காட்சியகத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

கட்டாயம். முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு இடங்களைப் பார்ப்பதே நல்லது. கருடன் மேல் அமர்ந்த திருமாலாக ஐர்லங்கா அரசரைக் காட்டும் சிலை அங்கே இருக்கிறது. மஜாபாகித்துக்கும் முந்தைய, 11ஆம் நூற்றாண்டு அரசர் அவர். கருடன் இறக்கையை விரித்துப் பாய நிற்கிறது, மேலே இருப்பவர் முகத்தில் அப்படி ஓர் அமைதி. பாற்கடல் கடையும் காட்சியைச் செதுக்கிய கல்லும் உண்டு.

பிள்ளைகளுக்குப் பிடித்தது சுடுமண் பன்றி உண்டியல். வயிறு பெருத்த பன்றி, முதுகில் காசு போடக் கீறல். உடைத்தால்தான் காசு வரும். அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து வந்த நடுவில் ஓட்டை போட்ட செப்புக்காசுகளே புழக்கத்தில் இருந்தன. என் சின்ன மகன், இங்கே நம் வீட்டில் இருக்கும் உண்டியலைப் போலவே இருக்கிறதே என்று கண்ணாடியை விட்டு நகரவில்லை.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?

சாங்கியிலிருந்து சுராபாயாவுக்கு நேரடி விமானம் உண்டு, பயணம் இரண்டரை மணி நேரத்துக்குள். சுராபாயா நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் வருகை விசா எடுக்க வேண்டும், கட்டணம் 500,000 ரூபியா. இணையத்திலேயே எடுத்துக்கொண்டு போனால் வரிசையில் நிற்க வேண்டாம்.

சுராபாயாவிலிருந்து ஓட்டுநரோடு காரை நாள் வாடகைக்கு எடுப்பது குடும்பத்துக்கு வசதி, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ரயில் பிடித்து மொஜோகெர்த்தோவில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடிப்பதும் உண்டு. காரைப் பேசும்போதே பார்க்க வேண்டிய இடங்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் முதல் நாள் ஓட்டுநர் பெரிய படுத்த புத்தர் சிலையை மட்டும் காட்டிவிட்டு, முடிந்தது, திரும்பலாம் என்றார். அவர் மேல் தப்பில்லை, வருகிறவர்கள் பலர் அவ்வளவுதான் பார்ப்பார்களாம். மறுநாள் சீட்டில் எழுதிக் கொடுத்தோம், சரியாகப் போனது.

கட்டணம் பெரும்பாலான இடங்களில் சில ஆயிரம் ரூபியா, ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. சில இடங்களில் பதிவேட்டில் பெயர் எழுதி, விரும்பியதைக் கொடுக்கச் சொன்னார்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நம் ஜூன், செப்டம்பர் பள்ளி விடுமுறைகள் பொருந்தும். டிசம்பர் விடுமுறை மழைக்காலம். எந்த மாதமானாலும் காலை 7 மணிக்கே கிளம்புங்கள், 11 மணிக்கு மேல் வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. தரை பெரும்பாலும் சமதளம், புல்வெளி, நடைபாதை. வண்டியிலிருந்து வாயில்வரை கொஞ்ச தூரம்தான் நடக்க வேண்டியிருக்கும். எழுபதைத் தாண்டிய என் அம்மா எல்லா இடமும் வந்தார். படிகள் மட்டும் உயரமானவை, குறுகலானவை. ஏறாமல் கீழிருந்தே பார்க்கலாம், ஒன்றும் குறையாது. குடை, தண்ணீர், மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.

மொழிக்கு என்ன செய்வது?

நமக்கு இது ஒரு வரம். ஆங்கிலம் அங்கே அவ்வளவாகப் போகாது, மலாய் போகும். அம்மா கம்பத்தில் வளர்ந்தவர். அவருடைய பசார் மலாய் அங்கே ராஜ மரியாதை வாங்கிக் கொடுத்தது. பஜாங் ராத்துவின் காவலர் அம்மாவை 'இபு' (அம்மா) என்று அழைத்து, நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்து, அரை மணி நேரம் கதை சொன்னார். முடியும் என்பதற்கு நாம் 'போலே' என்கிற இடத்தில் அவர்கள் 'பீசா' என்பார்கள். மற்றபடி சமாளித்துவிடலாம். பாட்டி, தாத்தா இருக்கும் வீடென்றால் அவர்களையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். வெந்த கீரை, காய்கறி மேல் கடலைச் சாந்து ஊற்றிய 'பெச்செல்', வறுத்த தெம்பே, தாவ் (டோஃபு), சோறு. கேட்க வேண்டிய இரண்டு சொற்கள்: 'தன்பா தெராசி', 'தன்பா பெத்திஸ்'. 'தன்பா' என்றால் இல்லாமல். தெராசி, பெத்திஸ் இரண்டும் இறால், மீன் கலந்தவை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கறுப்பு நிற 'ராவோன்' சூப்பையும், 'ருஜாக் சிங்குர்' என்ற கலவையையும் தவிர்க்கவும். பின்னதில் மாட்டின் மூக்கு சேரும், பார்த்தால் தெரியாது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு, செகாரான் குளத்தருகே 'வாடெர்' என்ற பொடிமீனை மொறுமொறுவென்று பொரித்துச் சம்பலோடு தருவார்கள். மொஜோகெர்த்தோவின் பேர்போன பலகாரம் 'ஒண்டே ஒண்டே': எள் உருட்டிய உருண்டை, உள்ளே பாசிப்பயற்றுப் பூரணம். நம் சுழியத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செகாரான் குளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ 375 மீட்டர் நீளம், 175 மீட்டர் அகலம், சுற்றிலும் செங்கல் கரை. வெளிநாட்டுத் தூதர்களுக்குத் தங்கத் தட்டில் விருந்து வைத்து, சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைக் குளத்தில் வீசிக் காட்டினார்களாம் அரசர்கள். விருந்தினர் போனதும் தண்ணீருக்கடியில் விரித்திருந்த வலையை இழுத்துத் தட்டுகளை எடுத்துக்கொள்வார்களாம். ஊர்க் கதைதான், ஆனால் கரையில் உட்கார்ந்து கேட்க அருமையான கதை.

சாமி கும்பிடலாமா?

மனதுக்குள் கும்பிட யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பாலியிலிருந்து இந்துக்கள் வந்து வழிபடுவதும் உண்டு. ஆனால் கற்பூரம் ஏற்றாதீர்கள், விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள், குங்குமம் தடவாதீர்கள். செங்கல் பஞ்சு போல எண்ணெயைக் குடித்துவிடும், அந்தக் கறை போகவே போகாது. பூ வைக்க ஆசை என்றால் காவலரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் வையுங்கள். சுற்றிலும் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களும் இதைத் தங்கள் முன்னோர் இடமாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். திரோலோயோவில் மஜாபாகித் காலத்திலேயே அடக்கமான முஸ்லிம்களின் கல்லறைகள் இருக்கின்றன. தோள், முழங்கால் மூடிய உடை போதும்.

பழைய காசு, சுடுமண் தலை எல்லாம் விற்கிறார்களாமே, வாங்கலாமா?

வேண்டாம். உண்மையானதாக இருந்தால், அதை வாங்குவதும் நாட்டை விட்டு எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம். போலியாக இருந்தால் உங்கள் காசு வீண். பெஜிஜோங் கிராமத்தில் உலோகச் சிலை வார்க்கிறார்கள், பக்கத்து ஊர்களில் கல்லில் பிள்ளையார் செதுக்குகிறார்கள். புதிது என்று சொல்லியே விற்கிறார்கள். அதை வாங்குங்கள், செய்தவர் கைக்கே காசு போய்ச் சேரும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்த நகரம் இன்னும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஊரில் பலருக்குச் செங்கல் அறுப்பதே பிழைப்பு. அதற்கு மண் தோண்டும்போது பழைய சுவர்களும் சேர்ந்து போகின்றன. முன்பெல்லாம் பழைய செங்கல்லை இடித்துச் சாந்துக்குப் பொடியாக்கி விற்றிருக்கிறார்கள். 2008 இறுதியில், இந்த வரலாற்றை விளக்கவே ஒரு தகவல் மையம் கட்டப்போய், அதன் அஸ்திவாரக் குழிகளே பழைய சுவர்களைச் சிதைத்தன. எதிர்ப்பு எழுந்து 2009இல் வேலை நின்றது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் திரோவுலான் சேர்ந்தது, இன்னும் உலக மரபுத் தலம் ஆகவில்லை. வெளியூர் ஆட்கள் வந்து பார்த்து, அங்கேயே தங்கி, சாப்பிட்டுச் செலவு செய்தால், சூளைக்கு மண் வெட்டுவதைவிட நகரத்தை வைத்திருப்பது லாபம் என்று அந்த ஊருக்குத் தோன்றும். ஒரு சுற்றுலாக்காரர் செய்யக்கூடியது அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

பிரம்பனான் பார்த்துவிட்டோம், இதையும் பார்க்க வேண்டுமா?

பிரம்பனான் நடு ஜாவா, 9ஆம் நூற்றாண்டு, கல், 47 மீட்டர் சிவன் கோவில். அது கோவில் வளாகம். திரோவுலான் ஓர் ஊர். வாயில், குளம், கிணறு, வீட்டுத் தரை, உண்டியல் என்று மக்கள் புழங்கிய தலைநகர். இரண்டும் வேறு வேறு பசிக்கு.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால்?

பிளித்தார் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பனாத்தாரான். மஜாபாகித் அரசர்கள் போற்றிய பெரிய சிவத்தலம், அங்கே கல் வேலை உண்டு. நடுக்கோவிலின் கீழ்த்தளத்தைச் சுற்றி ராமாயணம். அனுமன் இலங்கையில் செய்த அமர்க்களம் முழுவதும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். உருவங்கள் நம் சிற்பம் போல உருண்டு திரண்டவை அல்ல. தோல்பாவை போலத் தட்டையாக, பக்கவாட்டில் திரும்பி நிற்பவை. அதற்கு மேல் தளத்தில் கிருஷ்ணன் கதை. போக வர நேரம் பிடிக்கும், அங்கே ஓர் இரவு தங்குவது நல்லது. மலை பிடிக்கும் என்றால் பெனாங்குங்கான் மலைச்சரிவில் 977ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜோலோதுண்டோ தீர்த்தம். அங்கே இன்னும் தண்ணீர் விழுகிறது.

அரை நாள்தான் இருக்கிறது, ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.

பஜாங் ராத்து. மாலை வெயில் செங்கல்லில் படும் நேரம் போங்கள். வாயிலுக்கு மேலே, பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லுமாக ஒரு முகம் உங்களைப் பார்க்கும். அங்கே 'காலா' என்கிறார்கள், நாம் கீர்த்திமுகம் என்போம். நம் கோவில் தோரணங்களின் உச்சியிலும் அதுதான் இருக்கிறது. ஃபோர்ட் கேனிங்கில் கிடைத்த தங்கத் தோள்வளையின் நடுவிலும் அதே முகம், கட்டைவிரலால் மூடிவிடக்கூடிய அளவில். திரும்பி வந்த வாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரும்பொருளகத்துக்குப் போனோம். பெரியவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த வாசல் மேல இருந்தவர்தான்" என்றாள். நீங்கள் போகும் முன்னாலேயே ஒரு தடவை அந்தத் தோள்வளையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.